புரோகிராம் ஓடுது, ஆனா சரியா? ஃபேக்டோரியல் கணக்கை வைத்து ஆலன் டூரிங் சொல்லித் தந்த பாடம்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகள் சேர்க்கப்பட்டன. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி.

இந்தக் கோட்டையின் வரலாற்றில் ஒரு விநோதம் உண்டு. சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல்தான். அதாவது, ஏழு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்துவிட்டார்.

ஏழு வருஷம் எத்தனையோ தாக்குதலைச் சமாளித்த கோட்டை என்பதால் அது பிடிக்கவே முடியாத கோட்டை ஆகிவிடாது. இதுவரை வந்த தாக்குதல்களைத் தாங்கியது, அவ்வளவுதான்.

கோடிங் படிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். புரோகிராம் எழுதி, நாலு நம்பர் போட்டுப் பார்த்து, விடை சரியாக வந்தால் முடிந்தது என்று மூடி வைத்துவிடுகிறோம். ஆனால், நாலு நம்பருக்குச் சரியாக வந்தது ஐந்தாவதுக்கும் வரும் என்று எப்படித் தெரியும்? தன் நினைவகத்திலேயே புரோகிராமை வைத்து இயங்கும் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கி ஒரு வருடமே ஆகியிருந்தபோது இந்தக் கேள்வியை எழுப்பி, பதிலும் சொன்னவர் ஆலன் டூரிங். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், இன்று எல்லா கோடிங் வகுப்பிலும் முதல் வாரத்தில் தரும் ஃபேக்டோரியல் பயிற்சி!

போத்தனூரில் பிறந்த அம்மா

டூரிங் என்றால் இங்கிலாந்து, இரண்டாம் உலகப்போர், ரகசியக் குறியீடு என்றுதான் பலருக்கும் நினைவு வரும். ஆனால், அவர் குடும்பத்தின் வேர் பாதி நம்ம ஊர்ப் பக்கம். அம்மா எத்தெல் சாரா ஸ்டோனி 1881-இல் கோவை அருகே போத்தனூரில் பிறந்தவர். தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ் டூரிங் மெட்ராஸ் மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார்.

ஆலன் பிறந்தது 1912 ஜூன் 23, லண்டனில். பெற்றோர் மறுபடி வேலைக்காக மெட்ராஸ் மாகாணம் திரும்பியபோது, பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்திலேயே ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் குடும்பத்திடம் விட்டுவிட்டு வந்தார்கள். இந்தியாவில் வேலைபார்த்த ஆங்கிலேய அதிகாரிகள் குடும்பத்தில் அது அன்றைய வழக்கம். அப்பா அம்மாவை நீண்ட காலம் பிரிந்து வளர்ந்த பையன் ஆலன்.

1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் இங்கிலாந்து முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில் இல்லை. 13 வயது ஆலன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மிதித்தே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். வழியில் ஒரு இரவு விடுதியில் தங்கினார். பள்ளியில் அவர் நல்ல மாணவர் என்று பெயர் வாங்கவில்லை. கையெழுத்து மோசம், பாடத்திட்டத்தில் இல்லாததையே படிப்பார். அங்கே கிடைத்த நெருங்கிய நண்பன் கிறிஸ்டோபர் மார்காம். அறிவியலும் கணிதமும் பேசித்தான் அந்த நட்பு வளர்ந்தது. 1930-இல் மார்காம் காசநோயால் இறந்துபோனார். அந்த இழப்பு டூரிங்கை வாழ்நாள் முழுக்க விட்டு அகலவில்லை.

எல்லாவற்றையும் சரிபார்க்கும் இயந்திரம் சாத்தியமா?

1931-இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் சேர்ந்தார். 22 வயதில் அங்கேயே ஆய்வாளர் பதவி கிடைத்தது. 1936-இல் அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைய கணினி அறிவியலின் அஸ்திவாரம்.

அப்போது கம்ப்யூட்டரே கிடையாது. டூரிங் ஒரு கற்பனை இயந்திரத்தை வரைந்தார். கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு நீளமான நாடா, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி, அதைப் படித்து, அழித்து, எழுதி, இடமோ வலமோ நகரும் ஒரு தலை. அவ்வளவுதான் இயந்திரம். ஆனால், விதி எழுதிக் கொடுத்தால் ஒரு மனிதர் பேப்பரும் பென்சிலும் வைத்துச் செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் அது செய்யும் என்று காட்டினார். விதிகளையே நாடாவில் எழுதிவைத்தால், ஒரே இயந்திரம் எல்லா வேலையையும் செய்யும். நம் போனில் ஒரே சிப் கேமராவையும் யு.பி.ஐ.யையும் இயக்குவதற்குப் பின்னால் இருக்கும் கருத்து இதுதான்.

அதே கட்டுரையில் இன்னொரு விஷயத்தையும் நிரூபித்தார். அது கொஞ்சம் கசப்பான உண்மை. எந்த ஒரு புரோகிராமைக் கொடுத்தாலும், அது கடைசியில் என்ன செய்யும் என்று தவறாமல் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது. அதாவது, உலகத்தில் உள்ள எல்லா புரோகிராம்களையும் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு மந்திர புரோகிராம் எழுதவே முடியாது. யாருக்கும் முடியாது, எவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் வந்தாலும் முடியாது.

அப்படியானால், ஒரு குறிப்பிட்ட புரோகிராம் சரி என்று எப்படி நம்புவது? அந்தக் கேள்விக்கு அவர் 13 வருடம் கழித்துத் திரும்பி வந்தார். நடுவில் ஒரு போர் வந்துவிட்டது.

தப்பை ஒதுக்கியே சரியைக் கண்டுபிடித்தவர்

1938-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் முடித்து நாடு திரும்பினார். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் இயங்கிய ரகசிய அலுவலகத்தில் சேர்ந்தார். ஜெர்மானியர்களின் எனிக்மா இயந்திரத்தின் குறியீட்டை உடைப்பது வேலை.

எனிக்மாவில் ஒரு பலவீனம் இருந்தது. எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறி வராது. செய்திக்குள் ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கும் என்று ஊகித்தால், அதை ரகசியச் செய்தியின் கீழே வைத்து நகர்த்திப் பார்க்கலாம். எங்காவது மேலேயும் கீழேயும் ஒரே எழுத்து வந்தால், அந்த இடம் தவறு. அடுத்து நகரலாம். போலந்து கணிதவியலாளர்கள் முன்பே செய்திருந்த வேலையின் மேல் நின்று, டூரிங் வடிவமைத்த பாம்ப் என்ற இயந்திரமும் இப்படித்தான் வேலைசெய்தது. ஒரு அமைப்பைச் சரி என்று வைத்துக்கொண்டு பார்க்கும், முரண்பாடு வந்தால் தூக்கிப்போடும். மிஞ்சுவதை மட்டும் மனிதர்கள் சோதிப்பார்கள். அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் செய்திகளைப் படிக்க முடிந்ததில் அவருடைய பங்கு பெரியது.

அங்கே வேலைபார்த்தவர்கள் அவரைப் பற்றிச் சொன்ன கதைகள் நிறைய. டீ கப்பை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று ஹீட்டரோடு சங்கிலி போட்டுக் கட்டிவைப்பார். மகரந்த அலர்ஜிக்காக வாயு முகமூடி அணிந்து சைக்கிள் ஓட்டுவார். அந்த சைக்கிளின் செயின் அடிக்கடி கழன்றுவிடும். அவர் கடைக்குக் கொண்டுபோகவில்லை. எத்தனை மிதிக்கு ஒருமுறை கழல்கிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கை வரும் முன்பே சரிசெய்துகொள்வார். இன்றைய மொழியில் சொன்னால், பக் எப்போது வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தார்.

பேப்பரில் மட்டுமே ஓடிய புரோகிராம்கள்

போர் முடிந்ததும் 1945-இல் லண்டன் அருகே தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஏஸ் என்ற கம்ப்யூட்டருக்கு முழு வடிவமைப்பு எழுதினார். ஆனால், இயந்திரம் கட்டும் வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. அதற்குள் டூரிங்கும் ஜிம் வில்கின்சன் போன்ற உதவியாளர்களும் அதற்கான புரோகிராம்களை எழுதிக் குவித்தார்கள். ஓட்டிப் பார்க்க இயந்திரமே இல்லை!

இன்று நாம் ரன் பட்டனை அழுத்தி, தப்பு வந்தால் மாற்றி, மறுபடி அழுத்துகிறோம். அவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பேப்பரில் எழுதியது சரியா என்று யோசித்தே தெரிந்துகொள்ள வேண்டும். புரோகிராமை ஓட்டாமலே சரிபார்க்கும் பழக்கம் இப்படித்தான் அவசியமாகிப் போனது.

தாமதத்தில் பொறுமை இழந்த டூரிங் 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்தக் காலத்தில் அவர் நல்ல ஓட்டக்காரரும்கூட. 1947-இல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

உலகத்தின் முதல் கோடிங் பயிற்சிகள்

மான்செஸ்டரில் 1948 ஜூன் 21-ஆம் தேதி, தன் நினைவகத்திலேயே புரோகிராமை வைத்து இயங்கிய முதல் மின்னணுக் கம்ப்யூட்டர் ஓடியது. செல்லப்பெயர் பேபி. டாம் கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள்தான் முதல் புரோகிராம். கேள்வி இது: 2-ன் 18-ஆம் அடுக்கு, அதாவது 2,62,144 என்ற எண்ணின் மிகப்பெரிய வகுஎண் எது? அந்த எண்ணை விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விடை 1,31,072 என்று பள்ளி மாணவரே சொல்லிவிடுவார், பாதியாக்கினால் போதும். இயந்திரத்துக்கு 52 நிமிடம் ஆனது. தெரிந்த விடையையே ஏன் கேட்டார்கள்? சோதிக்கத்தான். விடை முன்கூட்டியே தெரிந்தால்தான் இயந்திரம் சொல்வது சரியா என்று பார்க்க முடியும். அதுவே ஒரு டெஸ்ட் கேஸ்.

அடுத்த ஆண்டு, 1949 மே 6-ஆம் தேதி, கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் குழு கட்டிய எட்சாக் இயங்கியது. அதன் முதல் வேலை 0 முதல் 99 வரை வர்க்கங்களை அச்சிடுவது. இதையும் இன்று எந்த கோடிங் பயிற்சிப் பட்டியலிலும் பார்க்கலாம்.

கொஞ்ச நாளிலேயே வில்க்ஸுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. அவர் எழுதிய முதல் பெரிய புரோகிராம் 126 வரி. அதில் சுமார் 20 தப்பு இருந்தது. தன் மீதி வாழ்க்கையின் பெரும்பகுதி தன் புரோகிராமில் உள்ள தப்பைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று மாடிப்படியில் நின்றபோது உறைத்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். புரோகிராம் எழுதுவது கஷ்டமில்லை, சரியாக எழுதுவதுதான் கஷ்டம் என்று உலகம் அப்போதுதான் புரிந்துகொள்ளத் தொடங்கியது.

1949 ஜூன் 24: ஃபேக்டோரியல் மேடையேறிய நாள்

எட்சாக் தொடக்கத்தையொட்டி அந்த ஜூனில் கேம்பிரிட்ஜில் ஒரு மாநாடு நடந்தது. 24-ஆம் தேதி டூரிங் பேசினார். தலைப்பு, ஒரு பெரிய புரோகிராமைச் சரிபார்ப்பது எப்படி என்பது.

அவர் தொடங்கியது கூட்டல் கணக்கில். 478, 365, 289 மூன்றையும் கூட்டினால் 1132 என்று ஒருவர் எழுதித் தருகிறார் என வைத்துக்கொள்வோம். சரியா என்று பார்க்க நாம் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். ஆனால், ஒவ்வொரு இடத்துக்கும் கூட்டுத்தொகையை அவர் தனித்தனியாக எழுதியிருந்தால்? ஒன்றாம் இடத்தில் 22, பத்தாம் இடத்தில் 21, நூறாம் இடத்தில் 9. இப்போது மூன்று பேர் ஆளுக்கு ஒரு இடத்தைச் சரிபார்க்கலாம். ஒருவர் வேலை இன்னொருவரைச் சார்ந்ததில்லை. கடைசியில் மீதிகளை ஏற்றிக் கூட்டுவதை மட்டும் ஒருவர் பார்த்தால் போதும்.

புரோகிராமுக்கும் இதையே செய்யலாம் என்றார் டூரிங். எழுதியவர் கட்டளைகளை மட்டும் தந்தால் போதாது. வழியில் சில இடங்களைக் குறித்து, இந்த இடத்துக்கு வரும்போது நினைவகத்தில் இன்னின்ன இருக்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். சரிபார்ப்பவர் ஒரு இடத்தில் சொன்னது உண்மை என்று வைத்துக்கொண்டு, அடுத்த இடத்தில் சொன்னதும் உண்மையாகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

செஞ்சியில் ராஜகிரி ஏறியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை வாசல் வாசலாகக் கடக்க வேண்டும். உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம். ஒவ்வொரு வாசல் காவலரும் முழு மலையையும் கவனிக்கத் தேவையில்லை. கீழ் வாசலில் எதைச் சோதித்து அனுப்புகிறார்கள் என்பது தெரிந்தால் போதும், தன் வாசலை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். எல்லா வாசலும் சரியாக இருந்தால் உச்சி பத்திரம்.

ஃபேக்டோரியலை அவர் எப்படிச் சரிபார்த்தார்?

ஃபேக்டோரியல் என்றால் 1 முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது. 5-க்கு 1, 2, 3, 4, 5 ஐந்தையும் பெருக்கினால் 120. டூரிங் இதில் ஒரு நிபந்தனை வைத்தார். இயந்திரத்துக்குப் பெருக்கத் தெரியாது, கூட்ட மட்டும் தெரியும். அப்படியானால் 24-ஐ ஐந்தால் பெருக்க, 24-ஐ ஐந்து முறை கூட்ட வேண்டும். எனவே ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப். இன்று வகுப்பில் முதல் மாணவர்கள் தடுமாறும் அதே இடம்.

வெளி லூப்புக்கு அவர் எழுதிவைத்த உண்மை எளிமையானது. இந்த இடத்துக்கு எத்தனையாவது முறை வந்தாலும், அதுவரை முடிந்த எண்ணின் ஃபேக்டோரியல் இந்தப் பெட்டியில் இருக்கும். உள் லூப்புக்கும் ஒன்று. இதுவரை எத்தனை முறை கூட்டினோமோ, அத்தனை மடங்கு இந்தப் பெட்டியில் இருக்கும். லூப் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இந்த வாக்கியம் மாறாது. ஒரு சுற்றுக்குச் சரி என்று காட்டினால், 10 சுற்றுக்கும் சரி, 10 லட்சம் சுற்றுக்கும் சரி. இதைத்தான் பின்னாளில் லூப் இன்வேரியன்ட் என்று அழைத்தார்கள். தமிழ்நாட்டு பிளஸ் 1 கணினி அறிவியல் பாடப்புத்தகத்திலேயே இது பாடமாக இருக்கிறது.

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. விடை சரியாக இருப்பது ஒருபக்கம், புரோகிராம் முதலில் நிற்க வேண்டுமே! முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? 1936-இல் எல்லா புரோகிராமுக்குமான பொது விடை இல்லை என்று நிரூபித்தவர், இந்த ஒரு புரோகிராமுக்கு வழி சொன்னார். ஒவ்வொரு அடியிலும் குறைந்துகொண்டே வரும் ஒரு அளவைக் காட்டுங்கள். ராஜகிரியிலிருந்து இறங்குகிறவர் ஒவ்வொரு அடியிலும் ஒரு படியாவது இறங்கினால், எப்படியும் தரைக்கு வந்துதானே ஆக வேண்டும்? படிக்கட்டு முடிவில்லாதது கிடையாது.

நாலு டெஸ்ட் பாஸ், ஐந்தாவது?

இதெல்லாம் தேவையா, ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று தோன்றலாம். ஒரு சின்ன சோதனை. சி அல்லது ஜாவாவில் சாதாரண இன்ட் வைத்து ஃபேக்டோரியல் எழுதுங்கள். 0 கொடுத்தால் 1. 5 கொடுத்தால் 120. 10 கொடுத்தால் 36,28,800. 12 கொடுத்தால் 47,90,01,600. நாலும் சரி.

இப்போது 13 கொடுங்கள். வர வேண்டியது 622,70,20,800. ஆனால், 32 பிட் இன்ட் தாங்கும் உச்ச எண் 214,74,83,647 மட்டுமே. ஜாவா என்ன செய்யும் தெரியுமா? எர்ரர் காட்டாது, நிற்காது. 193,20,53,504 என்று ஒரு தப்பான எண்ணைக் கூலாக அச்சிட்டுவிட்டுப் போய்விடும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. பைதானில் இந்தப் பிரச்சினை வராது, அதில் முழு எண்களுக்கு இப்படி உச்ச வரம்பு கிடையாது. ஆனால், அங்கே எதிர்ம எண் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

டெஸ்ட் என்பது தப்பு இருப்பதைக் காட்டும். தப்பே இல்லை என்று காட்டாது. ஏழு வருட முற்றுகையும் ஒரு இரவும் நினைவுக்கு வருகிறதா?

யாரும் கவனிக்காத பேச்சு

இவ்வளவு முக்கியமான உரை அந்த மாநாட்டில் எடுபடவில்லை. அதற்கு ஒரு காரணம் டூரிங்கே. மான்செஸ்டர் இயந்திரத்தில் எண்களைத் தலைகீழாக, ஒன்றாம் இடம் முதலில் வரும்படி எழுதுவது வழக்கம். அந்தப் பழக்கத்திலேயே அவர் கரும்பலகையில் கூட்டல் கணக்கையும் தலைகீழாக எழுதிவிட்டார். ஏன் என்று சொல்லவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த நிபுணர்கள் ஒரு சாதாரணக் கூட்டலைப் பின்தொடர முடியாமல் விழித்ததாக வில்க்ஸ் பின்னர் எழுதினார்.

1951-இல் மான்செஸ்டர் கம்ப்யூட்டருக்கான கையேட்டையும் டூரிங்தான் எழுதினார். புதிதாகப் புரோகிராம் எழுத வருகிறவர்களுக்கான புத்தகம் அது. எண்களை 32 குறிகள் கொண்ட முறையில் எழுத வேண்டும், அதுவும் தலைகீழாக. அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது பலருக்குத் தலைசுற்றலாக இருந்தது. ஆனாலும் அதைப் படித்து அசத்தியவர் ஒருவர் உண்டு. கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி அப்போது ஹாரோ பள்ளி ஆசிரியர். டூரிங் கொடுத்த யோசனைப்படி, அந்த இயந்திரம் தன்னைத்தானே போலச் செய்து, இன்னொரு புரோகிராம் ஓடும் விதத்தைச் சோதிக்க உதவும் நீண்ட புரோகிராமை எழுதினார். அதுவரை அந்த இயந்திரத்துக்கு எழுதப்பட்டதிலேயே பெரியது. ஒரே இரவு உட்கார்ந்து ஓட்டினார். முடிந்ததும் இயந்திரத்தின் ஒலிபெருக்கி பிரிட்டிஷ் தேசிய கீதத்தை இசைத்தது. பின்னாளில் ஸ்ட்ரேச்சி ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார்.

டூரிங் செஸ் விளையாடும் புரோகிராமும் எழுதினார். அதை ஓட்டும் அளவுக்கு இயந்திரம் இல்லை. சரி, நானே இயந்திரம் ஆகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். 1952-இல் அலிக் கிளென்னி என்ற சக ஊழியருடன் ஆட்டம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தன் விதிகளை வரி வரியாகப் பேப்பரில் கணக்கிட்டார். ஒரு நகர்த்தலுக்கு அரைமணி நேரம்வரை ஆனது. 29 நகர்த்தலில் புரோகிராம் தோற்றது. வகுப்பில் டிரை ரன் என்று சொல்லித் தருவது இதைத்தான்.

சட்டம் எடுத்த உயிர்

அதே 1952-இல் டூரிங்கின் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில் அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பது தெரியவந்தது. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி அது குற்றம். புகார் கொடுக்கப் போனவர் குற்றவாளி ஆனார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் அந்த மருந்து அவர் உடம்பை மாற்றியது. அரசின் ரகசியக் குறியீட்டுப் பணிகளில் ஆலோசகராக இருந்த வாய்ப்பும் பறிபோனது. போரில் அவர் செய்தது ரகசியம் என்பதால், நாட்டுக்கு அவர் யார் என்று நீதிமன்றத்தில் முழுதாகச் சொல்லவும் முடியவில்லை.

1954 ஜூன் 7-ஆம் தேதி, 42-ஆவது பிறந்தநாளுக்கு 16 நாள் முன்பு, டூரிங் இறந்தார். சயனைடு விஷம். விசாரணை அது தற்கொலை என்று முடித்தது. ரசாயனப் பரிசோதனையில் கவனக்குறைவாக நடந்த விபத்து என்றே அம்மா சாரா நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாய்தான் 1959-இல் மகனின் முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021-இல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம் வந்தது. ஆங்கிலேயர் இந்தியாவில் விட்டுச்சென்ற அதே வகைச் சட்டமான 377-ஆவது பிரிவிலிருந்து, வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் தன்பாலின உறவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி விடுவித்தது.

35 வருடம் கழித்துத் திருத்தம்

கணினித் துறையின் மிக உயர்ந்த விருது 1966 முதல் டூரிங் பெயரில்தான் வழங்கப்படுகிறது. ஆனால், அவருடைய 1949 உரை அப்போதும் மறந்தே கிடந்தது. 1967-இல் ராபர்ட் ஃபிளாய்டும் 1969-இல் டோனி ஹோரும் புரோகிராமை நிரூபிக்கும் முறைகளை வகுத்தபோது, கிட்டத்தட்ட அதே பாதையில் 18 வருடம் முன்பே ஒருவர் நடந்திருக்கிறார் என்பது பரவலாகத் தெரியாது. இருவருக்குமே பின்னாளில் டூரிங் விருது கிடைத்தது.

அந்த உரை அச்சானதிலும் ஒரு வேடிக்கை. தப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லும் அந்தச் சில பக்கங்களில், படித்தால் புரியாத அளவுக்கு அச்சுப்பிழைகள். 1984-இல் மாரிஸ், ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தி வெளியிட்டார்கள்.

எழுதியவர் உயிரோடு இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. இருந்தும் அவர்களால் திருத்த முடிந்தது. எந்த இடத்தில் எந்தப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருந்தார். அது பொருந்தாத இடத்தில் பிழை இருந்தது.